கோடையில் முகத்துவாரத்து மணல்திட்டில் நடக்கலாமா, கூடாதா?

நெய்தல்நிலா:
மார்ச் முடிந்தால் போதும், பறவை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பைனாகுலரை அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். வலசை வந்தவை திரும்பிவிட்டன, இனி அக்டோபரில்தான் என்கிறார்கள். நான் இதை ஒப்பமாட்டேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, ஆறு நகரத்தைக் கடந்து கடலில் கலக்கும் இடத்தில், பாலத்தடியிலிருந்து மணல்திட்டின் நுனி வரை நடந்தேன். ஒன்பதரைக்குத் திரும்பும்போது குறிப்பேட்டில் 41 வகைகள் இருந்தன.

எண்ணிக்கையைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. டிசம்பரில் சாம்பலும் வெள்ளையுமாக, எது எதுவென்று தெரியாமல் நம்மைத் திணறடிக்கும் உள்ளான் கூட்டத்தில், வளைமூக்கு உள்ளான் இப்போது கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறத்தில் தனித்து நிற்கிறது. சைபீரியத் தூந்திரத்துக்குக் கிளம்பும் முன் அது பூணும் மணக்கோலம். இன்னொன்றும் பார்த்தேன். சின்ன ஆலா ஒன்று மீனைக் கவ்வி வந்து, மணலில் நின்ற பெடையின் முன் நீட்டியது. பெடை வாங்கவில்லை. ஒரு சுற்றுப் பறந்து வந்து மறுபடி நீட்டியது. மூன்றாம் முறைதான் வாங்கிக்கொண்டது. குளிர்காலம் முழுக்க நடந்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது.

வரும் ஞாயிறு 20 பேராகத் திட்டின் நுனி வரை போகலாம் என்றிருக்கிறேன். யார் வருகிறீர்கள்?

உப்புக்கொத்தி:
அக்கா, தயவுசெய்து இந்த நடையைக் கைவிடுங்கள். அந்த ஆலா எதற்காக மீன் கொடுத்தது? அதே மணலில் இன்னும் சில நாட்களில் முட்டையிடப் போகிறது. ஆலாவுக்கும் உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவைக்கும் கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. மணலில் உள்ளங்கை அளவு ஒரு குழி, அதில் இரண்டு மூன்று முட்டைகள், அவ்வளவுதான். மணலின் நிறம், மணலின் புள்ளிகள். மிதித்த பிறகுகூட மிதித்தது தெரியாது.

சென்ற ஆண்டு மே மாதம் கரையில் கிடந்த ஒரு படகின் நிழலில் தொலைநோக்கியை நிறுத்தி, ஓர் உப்புக்கொத்தியைக் காலை எட்டு மணி முதல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஏற அது முட்டைமேல் உட்காராமல், கால்களை விறைத்து எழுந்து நின்று தன் நிழலை முட்டைகள்மேல் விழவைத்தது. நடுநடுவே நீரோரம் ஓடி, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தோடு அமர்ந்தது. பத்தரை மணிக்கு இரண்டு பேர் நாயுடன் வந்தார்கள். பறவை எழுந்து போய்விட்டது. அவர்கள் சிப்பி பொறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். 22 நிமிடங்கள். உச்சி வெயிலில் மணல் 50 டிகிரியைத் தாண்டும். முட்டைக்குள் இருக்கும் கரு 40 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது. அந்த இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஒரு முட்டையையும் அவர்கள் தொடவில்லை.

சேற்றுக்கால்:
உப்புக்கொத்தி சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் முடிவு தவறு என்பேன். கோடையில் பறவை பார்ப்பவர்கள் விலகிக்கொண்டால் மணல்திட்டு வெறிச்சோடிக் கிடக்கப்போவதில்லை. நாய்கள் வரும், பந்து விளையாடுபவர்கள் வருவார்கள், கட்டட இடிபாடுகளைக் கொட்டும் லாரியும் ஒருநாள் வரும். அன்றைக்கு "இங்கே ஆலா முட்டையிடுகிறது" என்று தேதியோடு சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

தென்கொரியாவில் சேமான்கும் என்ற இடத்தில் இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களை அடைத்து 33 கிலோமீட்டர் நீளக் கடல்சுவர் கட்டி, 2006இல் இணைத்தார்கள். கிரேட் நாட் எனும் உள்ளான் வகை வலசையின் நடுவே பெருங்கூட்டமாக இறங்கி இரை தேடிய சேறு அது. அந்தப் பறவைகள் வேறெங்கோ இடம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாரும் எளிதாகச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், அங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் ஆண்டுதோறும் எண்ணி வைத்திருந்த கணக்கில் அவை குறைந்தது தெரிந்ததுதான்.

அதோடு, கோடையில் எல்லாம் போய்விடுகின்றன என்பதே தவறு. கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை), மூக்கன் போன்ற பெரிய கரைப்பறவைகளில் முதல் ஆண்டுக் குஞ்சுகள் பல வடக்கே போவதில்லை. இனப்பெருக்க வயது வரும்வரை இங்கேயே கோடையைக் கழிக்கின்றன. ஜூனில் சேற்றில் எத்தனை கோட்டான் நிற்கிறது என்று எண்ணாதவருக்கு, அடுத்த தலைமுறை எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

உப்புக்கொத்தி:
எண்ணுங்கள், நான் தடுக்கவில்லை. எண்ணுவதற்கு மணல்திட்டில் கால்வைக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். கரையிலிருந்தே எண்ணலாம்.

முட்டை மட்டுமல்ல, இன்னொன்றும் இருக்கிறது. கிளம்பப்போகும் பறவை ஏப்ரலில் கொழுப்புச் சேர்க்கிறது. 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, ஐந்தே மாதக் குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் இறங்காமல் கடந்தது. அதற்கு எரிபொருள் உடலில் சேர்த்திருந்த கொழுப்புத்தான். வழியில் தின்ன ஒன்றும் இல்லை. நாம் ஒவ்வொரு முறை கூட்டத்தை எழுப்பும்போதும் பறவை சேர்த்துவைத்ததில் கொஞ்சம் செலவாகிறது. அந்தச் செங்கல் நிற உள்ளானைப் பத்தடி நெருங்கிப் படமெடுக்க ஆசைப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தினைக்காடு:
நான் புதியவன். இரண்டு முறைதான் போயிருக்கிறேன். வெளிப்படையாகக் கேட்கிறேன், அந்தத் தண்ணீர் கறுப்பாக இருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை. இத்தனை பறவைகள் இருக்கின்றன என்று நாமே எழுதினால், ஆறு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆகிவிடாதா?

சேற்றுக்கால்:
இந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பறவை அதிகம் என்பதால் ஆறு நலம் என்று பொருளல்ல. கழிவு கலந்த சேற்றில் சிலவகைப் புழுக்கள் கொழிக்கும். நெடுங்கால் உள்ளான் அதைத் தேடித்தான் வருகிறது. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் முகத்துவாரத்தில், எடின்பரோ நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிய பிறகு, அதுவரை கழிவுநீர் விழும் இடங்களில் குளிர்காலத்தில் குவிந்த வாத்துகள் குறைந்துபோயின. அதற்காகச் சுத்திகரிப்பை யாராவது நிறுத்தச் சொல்வார்களா?

கோடையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆற்றில் நீர்வரத்துக் குறைந்து, அலை தள்ளும் மணல் வாயை அடைத்துவிடும். கடல்நீர் உள்ளே வராது. தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து மிதக்கும். அன்று கொக்கும் நாரையும் நூற்றுக்கணக்கில் நிற்கும். படம் அழகாக வரும். அது விருந்து அல்ல, ஆறு மூச்சுத் திணறுகிறது என்பதற்கு அடையாளம். ஆகவே பட்டியலோடு நீரின் நிறம், நாற்றம், வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். வெறும் பறவைப் பெயர்களை மட்டும் எழுதுவது அரைக்கணக்குத்தான்.

நெய்தல்நிலா:
எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். உப்புக்கொத்தி தம்பி சொன்ன அந்த 22 நிமிடங்கள் மனத்தைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 20 பேரை நான் அழைத்தது ஊர்வலம் போக அல்ல. முகத்துவாரம் என்றால் சாக்கடை என்று நினைப்பவர்கள் அந்த ஆலாவை ஒரு முறை பார்க்கட்டும் என்றுதான். பார்க்காத ஒன்றுக்காக யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள். நாங்கள் விடியற்காலையில் போகிறோம், மணல் அப்போது குளிர்ந்திருக்கும். முட்டை வெந்துபோகும் என்ற அச்சம் அந்த நேரத்துக்குப் பொருந்தாதே.

உப்புக்கொத்தி:
வெயில் இல்லாவிட்டால் காகம் இருக்கிறது. ஆள் நடந்தால் ஆட்காட்டிக் குருவி கத்துகிறது, கீழே இருக்கும் பறவைகள் எழுகின்றன, எங்கிருந்து எழுந்தன என்பதை விளக்குக் கம்பத்தின் மேலிருந்து காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நகரத்தில் காகத்துக்கா பஞ்சம்? நாம் போன பிறகு அது நிதானமாக வரும்.

ஓதம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தை மறந்துவிட்டீர்கள். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் தூரத்துச் சேற்றில் சிதறியிருக்கும். அப்போது போனால்தான் நுனி வரை நடக்க வேண்டிவரும். ஏற்றத்தின்போது நீரே அவற்றைக் கரைப்பக்கம் நகர்த்திக்கொண்டு வரும். நீங்கள் பாலத்தடியில் அசையாமல் நின்றால் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம் என்பதால் இன்னும் நெருங்கி வரும். வாய் அடைபட்டிருந்தால் மட்டும் ஓத அட்டவணையை நம்பாதீர்கள், உள்ளே ஏற்றமே இருக்காது.

நெய்தல்நிலா:
இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் திட்டுக்குப் போகவில்லை. பாலத்தடியிலும் கரைப் பாதையிலும் மட்டும் நிற்போம். ஆறேழு பேராகப் பிரித்து, மூன்று ஞாயிறுகளில் அழைத்துச் செல்கிறேன். கூடு தெரிந்தாலும் இடத்தைக் குறிப்பிட்டு யாரும் படம் போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சேற்றுக்கால்:
படம் போடாமல் இருப்பது சரி. ஆனால் இடத்தை மறைத்தே வைத்தால் நாளை அதைக் காப்பாற்ற எதைக் காட்டுவோம்? பருவம் முடிந்து குஞ்சுகள் பறந்த பிறகாவது இடத்தோடு வெளியிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உப்புக்கொத்தி:
பருவம் முடிந்த பிறகு என்றால் எனக்கு மறுப்பில்லை. அதுவரை ஒரு வரிகூட வேண்டாம்.

கரைப் பாதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். உப்புக்கொத்தி உங்கள் முன்னால் ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டதுபோல் தடுமாறி ஓடினால் இரக்கப்பட்டுப் பின்னால் போகாதீர்கள். உங்களைக் குஞ்சிடமிருந்து விலக்க அது நடிக்கிறது. அப்போது குஞ்சு உங்கள் காலடியில் எங்கோ மணலோடு மணலாகப் படுத்திருக்கும். வந்த தடத்திலேயே, கீழே பார்த்துக்கொண்டு திரும்பி நடங்கள்.

தினைக்காடு:
முதல் ஞாயிறு நான் வருகிறேன். நீரின் நிறத்தையும் வாய் திறந்திருக்கிறதா என்பதையும் நான் எழுதிக்கொள்கிறேன்.

நெய்தல்நிலா:
வாருங்கள். தம்பி, நீங்களும் உங்கள் தொலைநோக்கியோடு வந்தால் எல்லாரும் அந்த நிழல் நிற்பதைப் பார்க்கலாம்.

உப்புக்கொத்தி:
நான் உங்களோடு வரவில்லை அக்கா. எதிர்க்கரையில் அதே படகின் பக்கத்தில் இருப்பேன். நீங்கள் ஆறேழு பேரும் பாதையில் நடக்கும்போது முட்டைமேல் இருக்கும் பறவை எழுகிறதா இல்லையா என்று அங்கிருந்துதான் தெரியும். எழவில்லையென்றால் இங்கே வந்து எழுதுகிறேன், அடுத்த ஞாயிறும் நடத்துங்கள். ஒரு முறை எழுந்தாலும் மீதி இரண்டு ஞாயிறுகளையும் நிறுத்திவிட வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா?

நெய்தல்நிலா:
ஒப்புக்கொள்கிறேன்.