பழைய திகில் காமிக்ஸ் அட்டைகளில் ஓடிக்கொண்டே இருக்கும் பெண்

குன்னூர்வாசி கேட்டது:
வணக்கம். இங்கே ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவைக் காலி செய்தபோது எடைக்குப் போன தாள்களிலிருந்து பழைய அமெரிக்கத் திகில் காமிக்ஸ்கள் பதினேழு எனக்குக் கிடைத்தன. அவற்றுள் பதினொன்றின் அட்டையில், மெல்லிய கவுன் அணிந்த இளம்பெண் ஒருத்தி கட்டுண்டு கிடக்கிறாள், அல்லது கோர உருவத்தின் கைகளில் மயங்கித் தொங்குகிறாள், அல்லது மாளிகையைத் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறாள். உள்ளே பல கதைகளில் அப்படியொரு பெண்ணே இல்லை. இந்தக் காட்சி ஏன் திரும்பத் திரும்ப வரையப்பட்டது?

கோத்தகிரி வாசகர்:
இது காமிக்ஸுக்கு முன்பே தொடங்கிய பழக்கம். 1930களில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவு இதழின் அட்டைகளைப் பேஸ்டலில் வரைந்த மார்கரெட் பிரண்டேஜ், ஆபத்தில் சிக்கிய பெண்களையே பெரும்பாலும் வரைந்தார்; 'எம். பிரண்டேஜ்' என்று கையொப்பமிட்டதால் அவரே ஒரு பெண் என்பது வாசகர்களுக்குத் தொடக்கத்தில் தெரியாது. தம் கதை அட்டைக்குத் தேர்வாக வேண்டும் என்பதற்காகவே அத்தகைய காட்சியைக் கதைக்குள் நுழைத்த எழுத்தாளர்களும் இருந்தார்கள். முதல் முழுத் திகில் காமிக்ஸ் என்று பலர் கருதும், 1947இல் ஏவன் நிறுவனம் வெளியிட்ட 'ஈரி'யின் அட்டையிலும் நிலவொளியில் கட்டுண்ட சிவப்பு உடைப் பெண்தான். கடையில் தொங்கும் நூறு இதழ்களுக்கு நடுவே, இருண்ட பின்னணியில் ஒரு வெளிர் உருவம்தான் முதலில் கண்ணில் படும் என்பதே என் கணிப்பு.

மன்னவனூர்க்காரர்:
ஐயா, கடைக்கணக்கோடு நிறுத்திவிட்டால் அது பாதி விடைதான். 1950இல் திகில் இதழ்களைத் தொடங்கிய ஈசி நிறுவனத்தின் கதைகளில் கணவனைக் கொல்லும் மனைவியரும் ஏராளம். உள்ளே அவள் கொலைகாரி, அட்டையில் பலியாள். 1954 ஏப்ரலில் காமிக்ஸ் பற்றிய அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணையில், ஈசி இதழொன்றின், கோடரியும் பெண்ணின் வெட்டுண்ட தலையும் இருந்த அட்டையைக் காட்டிக் கேட்டபோது, திகில் இதழுக்கு அது நாகரிகமானதுதான் என்றும், தலையை இன்னும் உயர்த்திக் குருதி சொட்டக் காட்டியிருந்தால்தான் அநாகரிகம் என்றும் ஈசியின் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் சொன்னார். அந்த அட்டையில் அவளுடைய முகம் இருக்கிறது. கொல்பவனின் முகம் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அதே ஆண்டு பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட 'காமிக்ஸ் கோட்' (Comics Code) என்ற தணிக்கை விதித்தொகுப்பு, தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல்லையும் கண்ணியமற்ற உடையையும் தடுத்தது. 1971இல் விதிகள் தளர்ந்தபோது டிசி நிறுவனம் பேய்மாளிகைக் காதல் இதழ்களைத் தொடங்கியது. இரவில் மாளிகையிலிருந்து ஓடும் பெண், பின்னால் ஒற்றைச் சன்னலில் விளக்கு என்ற அமைப்பு, 1960களின் மலிவு நாவல் அட்டைகளில் ஏற்கெனவே ஊறிப்போன ஒன்று.

குன்னூர்வாசி:
இருவருக்கும் நன்றி. ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தேன்: கட்டுண்டவர்கள் அனைவரும் 1955க்கு முந்தையவர்கள், ஓடுபவர்கள் அனைவரும் 1971க்குப் பிந்தையவர்கள். (நம் ஊர் ஜனவரி உறைபனியில் வெறுங்காலோடு அந்த உடையில் ஓடினால், பேய்க்கு முன் சளிக்காய்ச்சல்தான் பிடிக்கும்.) முன்பு நான் எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்ட ஓர் அட்டையில் மட்டும் பெண் கையில் விளக்கோடு மாளிகைக்குள் நுழைகிறாள். அந்த இதழின் கதையிலும் அவள் இருக்கிறாள்.