புதுப்பிப்பு: டின் அடுப்பு ஏற்காட்டில் தாங்கியதா?

கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி, ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) எரியும் அடுப்பு செய்வதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். மலைக்காற்றில் எரியுமா என்று சிலர் கேட்டீர்கள். ஏற்காட்டில் தங்கிய வீட்டு முற்றத்தில் பற்றவைத்துப் பார்த்தாச்சு. எரிகிறது, ஆனால் சுற்றிலும் தகரத் தடுப்பு கட்டாயம். அது இல்லாதபோது தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து பாத்திர விளிம்பைத்தான் நக்கியது. தடுப்பின் அடியில் காற்றுக்குக் கொஞ்சம் வழி விடுங்கள்.

ஏற்காடு இருக்கும் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீக்குப் போதும், பருப்பு வேக நேரமாகும். அவல், சேமியா கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க: ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஸ்பிரிட் ஊற்றினால் தீ பாட்டிலுக்கே தாவும். டின் நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள். சேர்வராயன் காப்புக்காட்டுக்குள் பற்றவைக்கவே வேண்டாம். கோடைச் சருகுக்கு ஒரு பொறி போதும்.