பதில்: எல்லாவற்றுக்கும் ‘நகல்’ போதுமா? – தன்கைப்படி, வழியோவியம்

அன்புள்ள குழுவினருக்கு,

ஓவியத்தைப் பற்றி எழுதும்போது ‘ரெப்ளிகா’ (replica), ‘காப்பி’ (copy) இரண்டுக்கும் தமிழில் ‘நகல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. அமெரிக்காவின் பீல் குடும்பத்து ஓவியர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மேலே போக முடியவில்லை.

1779-இல் பென்சில்வேனியா அரசு கேட்டதற்காக சார்லஸ் வில்சன் பீல், பீரங்கி மீது கையூன்றி நிற்கும் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனை வரைந்தார். பின்னணி அமெரிக்க விடுதலைப் போரின் பிரின்ஸ்டன் போர்க்களம். படத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. அவரே அதைத் திரும்பத் திரும்ப வரைந்து கொடுத்தார். வரைந்தது அதே கை. அதை ‘நகல்’ என்றால் வாசகர் ஜெராக்ஸ் கடையை நினைப்பார். ஏடு பார்த்து எழுதியதைப் ‘படி’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆகவே ஓவியர் தன் படத்தைத் தானே மறுபடி வரைந்தால் தன்கைப்படி, இன்னொருவர் வரைந்தால் பிறர்கைப்படி. இன்னொரு அமெரிக்க ஓவியரான கில்பர்ட் ஸ்டூவர்ட் தன் வாஷிங்டன் படத்துக்குத் தானே எடுத்தவை தன்கைப்படிகள். அவர் மகள் ஜேன் எடுத்தவை பிறர்கைப்படிகள்.

‘படி’ என்றால் படிக்கட்டு என்று குழம்பாதா? குழம்பும்தான். அதுவும் இதே சார்லஸ் 1795-இல் தன் மகன்கள் இருவர் மாடிப்படி ஏறுவதுபோல் வரைந்து, சட்டத்துக்குக் கீழே நிஜமான மரப்படி ஒன்றையும் வைத்தவர்! அதனால் வெறும் ‘படி’ வேண்டாம், எப்போதும் முழுச்சொல்லாகவே எழுதுவோம்.

அப்புறம் சார்லஸின் தம்பி ஜேம்ஸ். அண்ணனின் வாஷிங்டனை அடியொற்றித்தான் வரைந்தார், ஆனால் பின்னணியில் அதே போரின் இன்னொரு களமான யார்க்டவுனைக் கொண்டுவந்தார். இது பிறர்கைப்படி அல்ல. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்ப்பது வழிநூல் என்கிறது நன்னூல். ஜேம்ஸ் செய்தது அச்சாக அதுதான். இதற்கு ‘வழியோவியம்’ என்ற சொல்லை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ‘தாக்கம்’ என்று பொதுவாகச் சொல்லும்போது யாரிடமிருந்து யாருக்கு என்பது மங்கிவிடுகிறது; ‘வழி’யில் அது தெளிவாகத் தெரிகிறது. ஒரே வீட்டுக்குள் தூரிகை கைமாறிய கதைக்கு இது இன்னும் பொருந்தும்.

ஒரு சிக்கல் மிச்சம். 1795-இல் ஃபிலடெல்பியாவில் வாஷிங்டன் படம் வரைவதற்காக உட்கார்ந்து கொடுத்தபோது, சார்லஸின் மகன் 17 வயது ரெம்பிராண்ட் பீலோடு தந்தை சார்லஸ், சித்தப்பா ஜேம்ஸ், அண்ணன் ரஃபேல் ஆகியோரும் வரைந்தார்கள். இவற்றில் எதுவும் இன்னொன்றின் பிறர்கைப்படியல்ல, வழியோவியமுமல்ல. இப்போதைக்கு ‘ஓரமர்வு ஓவியங்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வாயில் சரளமாக வரவில்லை. இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றுகிறதா?