ஏனாம் போனவர்கள் எழுதுங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

காரைக்கால்காரன்:
2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முந்தைய வருடம், ஆந்திராவுக்குள் இருக்கும் புதுச்சேரிப் பகுதியான ஏனாமுக்கு மாற்றல் வந்தது. தெலுங்கில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. புதுச்சேரியிலிருந்து கிட்டத்தட்ட 870 கி.மீ., காக்கிநாடாவில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். ஒருநாள் கௌதமி கோதாவரிக் கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மீன் கூடையோடு வந்த பாட்டி குனிந்து பார்த்தார். மேலே தமிழ் எழுத்து. விரலில் ஒட்டியிருந்த செதிலைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்த எழுத்தைத் தொட்டார். "மேமு கூடா பாண்டிச்சேரியே கதா, பாபு!" நாங்களும் பாண்டிச்சேரிதானே, தம்பி. 1954 ஜூனில் பிரெஞ்சு ஆட்சி போனதைப் பார்த்திருக்கக்கூடிய வயது அவருக்கு. எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

புலசாப்பிரியன்:
கணக்கெடுப்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏனாமில் 2001இல் 31,394 பேர், 2011இல் 55,626. பத்தே வருடத்தில் பிள்ளைப்பேற்றால் இப்படிக் கூடாது, வந்து சேர்ந்ததெல்லாம் வெளியூர் ஆட்கள். நான் போனது ஒரே தடவை, புலசா மீன் வாங்க. விலையைக் கேட்டு மலைத்துத் திரும்பிவிட்டேன். போகிறவர்கள் ஆறு செம்மண் நிறமாகப் பெருகும் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். நம் உள்ளம் மீன்தான் அது, ஆனால் கடலில் பிடித்தால் அந்த ருசி கிடையாது. வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி வந்திருக்க வேண்டும். விலை குறைவாகச் சொன்னால் வேறு ஊர் மீனாக இருக்கும், கவனம். மண்சட்டியில் புளிக்குழம்பு வைத்து, மறுநாள் சாப்பிடுங்கள். அப்புறம் சாயங்காலம் எதுர்லங்கா பாலத்தில் நடந்து பாருங்கள், அக்கரை ஆந்திராவின் கோனசீமா.

ஏனாம் மருமகள்:
புலசாப்பிரியன் அண்ணா, "வெளியூர் ஆட்கள்" என்று சொன்னது வலிக்கிறது. ஊரைச் சுற்றி ஆந்திரா. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்த எல்லையைத் தாண்டித்தான். என் மாமியாரும் அப்படி வந்தவர்தான். 2022 ஜூலையில் கோதாவரி பெருகியபோது எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர். நான் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றப் போராடிக்கொண்டிருந்தேன். மாமியார் ஸ்டூல்மேல் ஏறி நின்று, ரேஷன் கார்டைப் பால் பாக்கெட் கவரில் சுற்றி, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. நான் வாங்கி வைக்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை.