ராத்திரியில் அடிபடும் ஸ்டாப் லாஸ்: ஸ்விங் டிரேடுக்கு எங்கே வைப்பது?

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளியிலிருந்து பிட்காயின், ஈதர் என்ற இரண்டு கிரிப்டோ காயின்களிலும் ஸ்விங் டிரேட் (வாங்கி, சில நாளோ சில வாரமோ வைத்திருந்து விற்பது) செய்கிறேன். ஸ்பாட் (காயினையே நேரடியாக வாங்குவது) மட்டும், லீவரேஜ் (கடன் வைத்து டிரேட் செய்வது) கிடையாது, பார்ப்பது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விலையைப் பதியும் சார்ட். ராத்திரி விலை சட்டென்று கீழே குத்தி, குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸைத் தட்டுகிறது. விடிவதற்குள் பழைய இடத்துக்கே ஏறிவிடுகிறது.

சில நிமிடத்திலேயே வாங்கி விற்கும் ஸ்கால்பிங்கும் பார்த்தாச்சு. சீட்டோடு ஆள் நிற்கும்போது ஐந்து நிமிட சார்ட்டை எங்கே பார்க்க? அதோடு ஒவ்வொரு விற்பனையிலும் 1% டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்து முதல் முடங்குகிறது. லாபத்துக்கு 30% வரி, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அந்தப் பாணி இந்த வரிக்கு ஒத்துவராது என்பது என் முடிவு. வாங்கிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கலாம்தான், ஆனால் பாதி விலைக்கு விழுவதைத் தாங்கும் மனசு எனக்கு இல்லை.

ஒரு டிரேடில் முதலின் 1%க்கு மேல் இழக்க விடுவதில்லை. ஸ்டாப்பைத் தள்ளி வைத்து, வாங்கும் அளவைக் குறைத்தேன். அடிபடுவது குறைந்தது, லாபமும் சுண்டிவிட்டது. அப்புறம் ஸ்டாப் இல்லாமல் அலர்ட் மட்டும் வைத்தேன். தூக்கம் போச்சு, வீட்டில் ஏச்சு வேறு.

ராத்திரி சார்ட் பார்க்க முடியாதவர்கள் ஸ்டாப்பை முந்தைய தாழ்விலைக்குக் கீழே வைக்கிறீர்களா, ஏடிஆரின் (விலை சராசரியாக ஏறி இறங்கும் அளவு) இரண்டு மடங்கு தள்ளி வைக்கிறீர்களா?