புதுப்பிப்பு: டி.சி. இல்லாத வளர்ப்புப் பராமரிப்புக் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை கிடைத்தது

கல்வியாண்டின் நடுவில் வளர்ப்புக் குடும்பத்துக்கு (தத்தல்ல, தற்காலிகப் பராமரிப்பு) மாறிய நாலாம் வகுப்புச் சிறுமியை, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லையென்று அரசு உதவிபெறும் பள்ளி திருப்பி அனுப்பியது பற்றிக் கேட்டிருந்தேன். சேர்த்துவிட்டார்கள். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5(3) பிரிவைக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொன்ன யோசனை. டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது அது. கூடவே, சிறுமியை அந்தக் குடும்பத்திடம் ஒப்படைத்த குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகலும் வைத்தோம்; வளர்ப்புத் தாய் 'கார்டியனா' என்ற கேள்வி அதோடு அடங்கியது. (உதவி பெறாத தனியார் பள்ளியை நோக்கி இந்தப் பிரிவு பேசாது, கவனம்.)

எதிர்பாராத முட்டுக்கட்டை எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு. சிறுமியின் பெயரைப் பழைய பள்ளி காமன் பூலுக்கு (பள்ளி மாறும் மாணவர்களுக்கான பொதுப் பட்டியல்) விடுவிக்காதவரை, அது புதிய பள்ளியின் பட்டியலில் ஏறவில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பேசிய பிறகுதான் விடுவித்தார்கள். குழந்தையை வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் அன்றே அதன் எமிஸ் எண்ணைக் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.