மறுமொழி: 'ஹபிள் டென்ஷன்' - தமிழ்ல என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

பிரபஞ்சம் இப்போ எவ்வளவு வேகமா விரியுதுன்னு ரெண்டு வழியில பார்த்தா ரெண்டு வேற வேற எண் வருது, அதுக்குப் பேர்தான் 'ஹபிள் டென்ஷன்'. அதைத் தமிழ்ல என்னன்னு சொல்லலாம்ங்கிறதுதான் இந்த இழையில கேள்வி. 'ஹபிள் பதற்றம்' எனக்கு ஒட்டல. பிரபஞ்சம் அது பாட்டுக்கு விரிஞ்சுகிட்டு இருக்கு, பதறுறது அதை அளக்குறவங்கதான் :) 'இழுவிசை'யும் வேண்டாம், அதைக் கயிறு, கம்பிக்கெல்லாம் பாடப்புத்தகத்துல எப்பவோ கொடுத்தாச்சு. மிச்சம் முந்தின மடல்ல வந்த 'ஹபிள் முரண்'.

முரண்னு சொன்னா ரெண்டும் சேர்ந்து நிக்கவே முடியாதுன்னு தீர்ப்பு எழுதின மாதிரி ஆயிடுது. நிலைமை அப்படி இல்லையே. பிளாங்க் செயற்கைக்கோளோட 2018 முடிவுப்படி விரிவு வேகம் ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு நொடிக்கு 67.4 கிமீ, பிழை 0.5. ஆடம் ரீஸ் குழு, பிரகாசம் சீரா ஏறி இறங்குற செஃபீடு விண்மீன்களை வச்சு தூரம் அளந்து, அங்கேருந்து இன்னும் தொலைவுல வெடிக்கிற விண்மீன்களான 1ஏ வகை சூப்பர்நோவாவுக்குத் தாவி, 2022ல சொன்னது 73.04, பிழை 1.04. இதுல முதல் எண் நேரா அளந்தது இல்லீங்க, பெருவெடிப்புக்கு அப்புறம் சுமார் 3,80,000 வருஷத்துல கிளம்பின ஒளியைப் பார்த்து, அதை லாம்ப்டா-சிடிஎம்னு சொல்ற வழக்கமான பிரபஞ்ச மாடல்ல போட்டு, அப்படின்னா இன்னிக்கு வேகம் இவ்வளவு இருக்கணும்னு வந்த கணக்கு. ஆக தப்பு அளவுல இருக்கா மாடல்ல இருக்கா, அதுவே இன்னும் முடிவாகல. போதாக்குறைக்கு வெண்டி ஃபிரீட்மேன் குழு சிவப்பு அரக்க விண்மீன்களை வச்சு 70ஐ ஒட்டி ஒரு எண் சொல்லுது, ரெண்டுக்கும் நடுவுல!

இன்னொண்ணு, 2001ல ஹபிள் தொலைநோக்கிக் குழு 72னு சொன்னப்போ பிழை 8, அதுக்குள்ள 67ம் அடங்கிடும், ஒரு பிரச்சனையும் இல்ல. பிழை சுருங்கச் சுருங்கத்தான் இது வெளிய தெரிஞ்சுது, இப்போ வித்தியாசம் பிழையைப் போல சுமார் 5 மடங்கு, அதாவது 5 சிக்மா அளவுக்கு வந்து நிக்குது.

அதனால என் ஓட்டு 'ஹபிள் இழுபறி'க்கு. பேச்சுவார்த்தை இழுபறின்னு தினம் படிக்கிறோம், யாரும் விட்டுக்கொடுக்கல, முடிவும் வரலன்னு சட்டுனு புரியும். பேச்சு வழக்கா இருக்கேன்னு சிலர் சொல்லலாம், இருக்கட்டுமே. 'இழுபறி கூடுது, குறையுது'ன்னு சிக்மாவுக்கு ஏத்த மாதிரி எழுத வருது, முரண்ல அது வராது. பிளாங்க் கணிக்கிற அளவுக்குப் பொருள் திரண்டு இல்லன்னு ஈர்ப்பால ஒளி வளையறதைப் பார்க்குற ஈர்ப்பு வில்லை ஆய்வுகள் சிலது சொல்லுதே, அதையும் 'எஸ்8 இழுபறி'ன்னுடலாம் (பொருள் எவ்வளவு திரண்டிருக்குன்னு காட்டுற எண்தான் எஸ்8).

கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பால மட்டும் தன்னைக் காட்டுற டார்க் மேட்டருக்கு 'கரும்பொருள்' நிறைய பேர் எழுதுறாங்க, நான் 'இருள்பொருள்' பக்கம். கருப்பு ஒளியை விழுங்கும், இது விழுங்குறதும் இல்ல விடுறதும் இல்ல, பக்கத்துல கருந்துளை வேற இருக்கு, படிக்கிறவங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிப்பாங்க. இருள்பொருள் கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு கதிர்வீச்சா மாறுதுன்னு வர்ற மாடல்களை 'சிதையும் இருள்பொருள்'னு தாராளமா எழுதலாம். (இழுபறியை அது மட்டும் தீர்த்துடும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அது தனி இழைக்கு.)

பிரபஞ்சத்தோட ஆரம்பத்துல கொஞ்ச காலம் மட்டும் விரிவை வேகப்படுத்தியிருக்கலாம்னு சொல்ற 'எர்லி டார்க் எனர்ஜி'க்கு 'முற்கால இருள் ஆற்றல்' ஓகேவா? அது சுருக்குறதா சொல்ற 'சவுண்ட் ஹொரைசன்'தான் (அந்த ஆரம்ப ஒளி கிளம்புறதுக்குள்ள ஒலி அலை போன தூரம்) எனக்கு சிக்கல், 'ஒலி அடிவானம்'னு எழுதிப் பார்த்தேன், ஒட்டவே மாட்டேங்குது. 'ஒலி எட்டும் தூரம்'னு வச்சா ரொம்ப நீளமா இருக்குமா? யாராவது சொல்லுங்க.